நான்கு டப்பா, நான்கு ஈப்புலி: ஜனவரி முதல் ஏப்ரல் வரை

வலையை நம்பாமல், பதுங்கிப் பாய்ந்து இரை பிடிக்கும் சிலந்திக்கு ஈப்புலி என்பது பொருத்தமான பழைய பெயர். உலகில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள். சிலந்திக் குடும்பங்களில் இதுதான் பெரியது. சென்னையில் இவற்றைத் தேட கிண்டிக் காடு வரை போக வேண்டாம், வீட்டுச் சுவரே போதும். வெயில் விழும் காம்பவுண்டு சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஓடுவது மெனிமெரஸ் பைவிட்டேட்டஸ். இரவில் டியூப் லைட்டைச் சுற்றி வரும் பூச்சிக்குக் காத்திருப்பது பிளெக்சிப்பஸ் பேகுல்லி. ஆணுக்குக் கறுப்பு உடம்பில் நீளவாக்கில் வெள்ளைப் பட்டைகள். பூந்தொட்டி அடி, குளியலறை மூலை என்று நிழலில் இருப்பது ஹசேரியஸ் அடன்சோனி. அதன் ஆண், முகத்துக்கு முன்னால் இரண்டு வெள்ளைக் குட்டிக் கைகளை ஆட்டிக்கொண்டே நடக்கும். பெண்கள் பழுப்பாக இருந்து குழப்பும் என்பதால், இனம் பழக ஆணில் தொடங்குவது நல்லது.

நான்கைப் பிடித்து டப்பாவில் வளர்த்துப் பார்க்கலாம் என்று ஜனவரியில் தொடக்கம். பிடிக்க ஒரு கண்ணாடி டம்ளரும் பழைய கல்யாணப் பத்திரிகையும் போதும். டம்ளரைக் கவிழ்த்து, அட்டையை அடியில் மெல்ல நுழைக்க வேண்டும். விரலால் பிடித்தால் காலை உதிர்த்துவிட்டு ஓடிவிடும். ஒன்றையொன்று தின்னும் என்பதால் ஆளுக்கொரு டப்பா.

டப்பாவில்தான் முதல் மூன்று வாரமும் போயின. அரை லிட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் மட்டும் துளை: இதுதான் முதல் தவறு. ஈரம் உள்ளேயே தங்கி, குடிக்க வைத்த பஞ்சில் நான்கே நாளில் பூஞ்சை. பிறகு காய்ச்சிய குண்டூசியால் எதிரெதிர்ப் பக்கங்களில் பத்துப் பத்து துளை போட்டதும் காற்று குறுக்கே ஓடியது. பஞ்சும் போனது, தினம் காலையில் இங்க் ஃபில்லரால் உள்சுவரில் இரண்டு சொட்டுத் தண்ணீர். இதை மறக்கவே கூடாது. ஈப்புலியின் கால் நீள்வது உடல்திரவத்தின் அழுத்தத்தால். பாய்ச்சலுக்கும் அதே அழுத்தம்தான். தண்ணீர் வற்றினால் கால்கள் உள்ளே சுருளும், பாய்ச்சல் நின்றுவிடும்.

இரண்டாவது தவறு, மூடியை மேலே வைத்தது. தூங்குவதற்கான பட்டுக்கூட்டை எப்போதும் உச்சி மூலையில்தான் கட்டும். தினமும் மூடியைத் திறந்தால் தினமும் வீடு கிழியும். டப்பாவைத் தலைகீழாக்கி, மூடி தரையாகும்படி வைத்த பிறகே நான்கும் நிம்மதியாகக் கூடு கட்டின. இன்னொன்று: கொசு விரட்டி திரவம் எரியும் அறையில் டப்பாவை வைக்கக் கூடாது. அதிலுள்ள மருந்து கொசுவோடு சிலந்தியின் நரம்பையும் சேர்த்தே தாக்கும்.

உணவுக்குப் பழ ஈ. கனிந்த பூவன் பழத்தோலைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகினால் ஒரே நாளில் ஈ சேரும்; அடுத்த தலைமுறைக்குப் பத்து நாள் ஆகும். வயிறு சுருங்கியிருந்தால் இரண்டு மூன்று ஈ, புடைத்திருந்தால் ஒன்றும் வேண்டாம். செத்த ஈயைப் போட்டால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டுக்குத்தான் கூர்மை, ஆனால் அவை பார்ப்பது குறுகிய பரப்பு. பக்கவாட்டுக் கண்கள் அசைவைக் கண்டு சொன்னால்தான் முகம் அந்தப் பக்கம் திரும்பும். செத்த ஈயை நூலில் கட்டி ஆட்டினால் பாய்ந்துவிடும்.

பிப்ரவரி நடுவில் இளைய பிளெக்சிப்பஸ் கூட்டை மூடிக்கொண்டு ஆறு நாள் வெளியே வரவில்லை. செத்துவிட்டதோ என்று கூட்டைப் பிரிக்கத் தோன்றும், பிரித்தால்தான் சாகும். அது தோலுரிக்கும் நேரம். தண்ணீர்ச் சொட்டு மட்டும் போதும். உள்ளே உயிரோடு ஈயோ எறும்போ இருக்கக் கூடாது, புதுத்தோல் அவ்வளவு மென்மை.

மார்ச்சில் முகம் பார்க்கும் கண்ணாடிச் சோதனை. மூன்று செ.மீ. சதுரக் கண்ணாடித் துண்டை ஆண் பிளெக்சிப்பஸ் முன் நிறுத்தியதும் முன்கால்களை விரித்துத் தூக்கி மிரட்டல். நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், எதிரி ஓடாத சண்டை அதை வீணாகக் களைக்க வைக்கும். கைபேசித் திரையில் ஈயின் வீடியோவையும் துரத்தும். ஆனால் திரையில் புற ஊதா ஒளி இல்லை. சில இனங்கள் புற ஊதாவில்தான் ஆண் பெண் அடையாளம் காண்கின்றன. அவற்றிடம் வண்ண வீடியோ எடுபடாமல் போகலாம்.

பாய்ச்சலை நொடிக்கு 240 ஃபிரேமில் வீடியோ எடுத்தபோது படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். பேட்டரி டார்ச்சுக்கு மாறியதும் தீர்ந்தது. ஆசைப்பட்ட சிவப்பு ஒளிச் சோதனைதான் சரியாக வரவில்லை. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே ஹசேரியஸ் அடன்சோனியை வைத்துக் காட்டியது இது: பெரிய கண்ணின் விழித்திரையில் நான்கு அடுக்கு. ஓர் அடுக்கில் தெளிவாக விழும் பிம்பம் பக்கத்து அடுக்கில் மங்கலாக விழும். மங்கலின் அளவை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. பச்சை ஒளியில் கணக்கு சரி. சிவப்பில் மங்கல் கூடி, இரை பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் குறைவாகப் பாய்கிறது. வெள்ளை டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றினால் மற்ற நிறங்களும் கசிந்து கணக்கைக் கெடுக்கின்றன. சிவப்பு எல்.இ.டி.யே வேண்டும், அதுவும் மங்கலாக இருந்தால் சிலந்தி பாயவே பாயாது.

இடையில் மாமரத்து முசுறுக் கூட்டத்தில் ஒரு மிர்மாப்ளாட்டா, எறும்பு வேடம் போடும் ஈப்புலி. அச்சு அசல் முசுறுதான்: முன்காலிரண்டை உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு நடக்கும். கிளையைத் தட்டிப் பார்க்கலாம். எறும்பு கடிக்க வரும், இது நூலில் தொங்கிக் கீழே இறங்கும். டப்பாவுக்கு எடுக்கவில்லை.

ஏப்ரலில் ஈ வளர்ப்பு படுத்துவிட்டது. 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் பழ ஈக்கள் மலடாகிவிடும். மூன்று ஈப்புலிகளுக்கு வயிறு நிரப்பி, பிடித்த சுவரிலேயே காலை வெயில் ஏறும் முன் விட்டாயிற்று. நான்காவது, பெண் பிளெக்சிப்பஸ், கூட்டை விட்டு நகர மறுக்கிறது, உள்ளே முட்டை. பிடிக்கும் முன்பே இணைசேர்ந்திருக்கிறது. குஞ்சு ஊசித்துளை வழியே வந்துவிடும் என்பதால் துளைகளின் மேல் மெல்லிய மல் துணி ஒட்டியிருக்கிறது.