ஃப்ளஷ்

“மழைக்கு அப்புறம் நல்ல ஃப்ளஷ் தம்பி” என்றார் கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்து மேஸ்திரி.

குனிந்து பார்த்தேன். செடியின் தட்டையான தலைக்கு மேலே இரண்டு இலை, ஒரு மொட்டு. மொட்டின் முதுகில் வெள்ளி மாதிரி மெல்லிய ரோமம்.

தச்சருக்கு ஃப்ளஷ் என்றால் சமதளக் கதவு. சீட்டாட்டத்தில் ஒரே இனத்துச் சீட்டுகள். மென்பொருள்காரருக்கு, மெமரியில் தேங்கியதை டிஸ்க்கில் எழுதிவிடுவது. நர்ஸ் அக்காவுக்கு, கையில் போட்ட ஊசிக்குழாய் அடைக்காமலிருக்கச் சலைன் செலுத்துவது.

எனக்குப் பிடித்தது தேயிலைக்காரர்களின் பொருள்தான்: புதுத் துளிர். பறிக்கப் பறிக்கத் துளிர்க்கிறதே!

டார்ஜிலிங்கில் முதல் ஃப்ளஷ், இரண்டாம் ஃப்ளஷ் என்று பருவம் பிரித்து விற்பார்கள். நீலகிரியில் வருடம் முழுக்கப் பறிப்பு. ஆனாலும் டிசம்பர் தொடங்கி உறைபனி நாட்களில் பறிக்கும் இலையின் வாசமே தனி. ஒருமுறை குடித்துப் பாருங்கள்.