இரண்டாம் வயலின் வாசிக்கிறேன்: குவார்டெட் பயிற்சிக் குறிப்பு

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட குவார்டெட்டில் சேர்ந்ததிலிருந்து என் பயிற்சியின் போக்கே மாறிவிட்டது. தனியாக வாசிக்கும்போது ட்யூனர் (ஸ்ருதி காட்டும் கருவி) முள் நடுவில் நின்றால் ஸ்ருதி சரி. நாலு பேர் சேர்ந்தால் அந்தக் கணக்கு போதாது.

ஒரு சி மேஜர் கார்டை, அதாவது சி, ஈ, ஜி ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் செல்லோ சி, நடுவில் வியோலா ஜி, உச்சியில் முதல் வயலின் சி, என் பங்குக்கு ஈ. ட்யூனர் சொல்லும் ஈ-யை வாசித்தால் கார்டுக்குள் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். விரலை மயிரிழை கீழே உருட்டினால் துடிப்பு மெதுவாகி, ஓரிடத்தில் நின்றே போகும். அந்த இடம் ட்யூனர் கணக்கைவிட சுமார் 14 சென்ட் தாழ்வு (சென்ட் என்பது அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு). தம்புராவில் தானாகவே ஒலிக்கும் அந்தர காந்தாரமும் அங்கேதான் இருக்கிறது. அதைக் காது பிடித்துவிட்டால் கார்ட் பெரிதாகி, அறையே நிறைந்ததுபோல் இருக்கும். அதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் வாசிக்கலாம்!

ஓப்பன் ஈ தந்தி, அதாவது விரல் வைக்காமல் ஒலிக்கும் ஈ, இங்கே உதவாது. சுத்தமான பஞ்சம இடைவெளிகளில் எல்லோரும் ஸ்ருதி சேர்த்தால், செல்லோவின் ஓப்பன் சி-யோடு துடிப்பில்லாமல் சேரும் ஈ-யைவிட அது சுமார் 22 சென்ட் தூக்கலாக நிற்கும். ஏ தந்தியில் சுண்டுவிரல் வைத்தால்தான் சரிசெய்ய இடம் கிடைக்கும். ஒத்திகையில் செல்லோ முதலில் பிடித்து நிற்பார். அப்புறம் வியோலா, முதல் வயலின். கடைசியில்தான் நான் நுழைவேன்.

தொடக்கத்துக்கு எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டோம். முதல் வயலின் இழுக்கும் மூச்சின் வேகம்தான் பாட்டின் வேகம். எல்லோரும் கூடவே மூச்சிழுத்தால் வில் தானாகச் சேர்ந்து விழுகிறது.

இப்போது எடுத்திருப்பது இசையமைப்பாளர் ஹெய்டன் 1781-ல் எழுதிய ஓபஸ் 33 என்ற குவார்டெட் தொகுப்பில் ஒன்று. அதில் பின்னணியாக ஓடிய வரி சட்டென்று மெலடியாகிவிடும். என் தாளில் என் வரி மட்டும்தானே இருக்கிறது? அதனால் நாலு பேர் வரிகளும் உள்ள முழு ஸ்கோரைப் பார்த்து, மெலடி யாரிடம் போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். எங்கே ஒலியைக் குறைத்து வழிவிட வேண்டும் என்பது இப்போது முன்கூட்டியே தெரிகிறது.

இன்னும் வசப்படாதது, செல்லோ வரியை வாயால் பாடிக்கொண்டே என் வரியை வாசிப்பது. மெதுவான பகுதிகளில் வருகிறது, வேகத்தில் குரல் நின்றுவிடுகிறது. அடுத்து தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, நாலு நாலு பாராக (பார் என்பது ஒரு தாளச் சுற்று) பழகப்போகிறேன்.