வேரில் ஒட்டியிருந்த சேறு

நம் பாட்டனி மிஸ் கடந்த மார்கழியில் காலமான செய்தியை சேலம் அஸ்தம்பட்டியில் இன்றும் வசிக்கும் நம் வகுப்புத் தோழி தொலைபேசியில் சொன்னாள். நம் கல்லூரி மலருக்கு எழுதும்படி மூன்று ஆண்டுகளாகக் கேட்டும் தட்டிக்கழித்து வந்த நான் அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் மணிக்கு முந்திய ஓட்டத்தையும் வேப்பமரத்தடி டிபன் டப்பாக்களையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு ஹெர்பேரியம் தாளை, அதாவது காயவைத்த செடியைத் தைத்து விவரச் சீட்டு ஒட்டிய தாளைப் பற்றி.

அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, பள்ளி இறுதி வரை தமிழிலேயே படித்து, 1964இல் புகுமுக வகுப்பில் சேர்ந்தவள் நான். என் அத்தை காலத்தில் பெண் கல்லூரி என்றால் திருச்சி ஹோலி கிராஸ், அல்லது 1914இல் தொடங்கிய சென்னை ராணி மேரி. வெளியூர் விடுதியில் பெண்ணை விட எங்கள் தெருவில் யாருக்கும் துணிவில்லை. உள்ளூரில் கல்லூரி இருந்ததால்தான் நான் பி.எஸ்ஸி. வரை வந்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஏற்காட்டுக்குச் செடி சேகரிக்கப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. மற்றவர்கள் சேர்வராயன் கோயிலுக்கு ஏறிப்போக, நான் ஏரிக்கரையிலேயே படுத்திருந்து, கைக்கு எட்டியதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, நாள்தோறும் தாள் மாற்றிக் காயவைத்து, நூலால் தைத்து, வலது மூலையில் சீட்டு ஒட்டினேன். எல்லாரும் எழுதியதையே நானும் எழுதினேன்: சேர்வராயன் கோயில், 5,000 அடிக்கு மேல்.

மிஸ் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கோயில் மேட்டில் இந்தக் கோரைக்கு யாரம்மா தண்ணீர் ஊற்றுகிறார்கள்?"

வேரில் ஏரிச் சேறு காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. வகுப்பே திரும்பிப் பார்க்க, மிஸ் பிளேடால் சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, "செடி பொய் சொல்லவில்லை, நீதான் சொல்லியிருக்கிறாய்" என்று தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை மிஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அப்பாவிடம் அனுமதி கேட்டு, தம் கைக்காசில் எனக்கும் சேர்த்துப் பேருந்துச் சீட்டு வாங்கி, வாயில் எலுமிச்சம்பழத் துண்டை அடக்கிக்கொள்ளச் சொல்லி மலைக்கு அழைத்துப் போனார். கோயில் மேட்டில், புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்த அந்தக் காற்றில், கண்ணால் பார்த்ததை மட்டும் சீட்டில் எழுத வைத்தார். திரும்பும்போதுதான் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொன்னார். தலைச்சேரியில் பிறந்து, ராணி மேரியில் படித்து, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டு, 1951இல் இந்தியாவுக்கே திரும்பி வந்தவர். "எங்கே போனாலும் போ. ஆனால் அவரைப் போலத் திரும்பி வா" என்றார் மிஸ். அந்தச் சொல் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

1968இல் சென்னை மாநிலக் கல்லூரி எம்.எஸ்ஸி.க்கான விண்ணப்பத்தை மிஸ்ஸே வரவழைத்து, பாதி நிரப்பியும் கொடுத்தார். அதற்குள் லண்டன் மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டது. மிஸ் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியமில்லாமல் விண்ணப்பத்தைத் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன். பத்திரிகை வைக்கவும் போகவில்லை. கல்யாணத்தன்று மிஸ் தாமாகவே வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடாமல் போய்விட்டதாகத் தங்கை பிறகு சொன்னாள். இங்கே வந்தபின் எத்தனையோ முறை கடிதம் தொடங்கினேன். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று அவர் கேட்டால் எழுதுவதற்குப் பதில் இல்லாததால் ஒன்றைக்கூட அஞ்சலில் சேர்க்கவில்லை.

விஸ்லி என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஜானகி அம்மாள் பெயரிலேயே ஒரு மக்னோலியா மரம் இருக்கிறது. இலை விடுவதற்கு முன்பே வெள்ளையாகப் பூக்கும். இந்த வசந்தத்தில் அதன் அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்து வந்து, செய்தித்தாள்களுக்கிடையே வைத்துக் காயவைத்து, தாளில் நூலால் தைத்தேன். வலது மூலையில் இடத்தை எழுதினேன்: விஸ்லி, சர்ரே. அதன்கீழ் நாளையும், சேகரித்தவர் என்று என் பெயரையும் எழுதினேன். அந்தத் தாளைத் தோழியின் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மிஸ்ஸின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.