ஹாம்ஸ்டருக்குக் கூடு அடிக்கிற ஆக்களுக்கு

கடையிலை தொங்கிற கலர் கம்பிக்கூடு காணவே காணாது. சிரியன் ஹாம்ஸ்டர் எண்ட, எலி மாதிரிச் சின்ன வளர்ப்புச் சீவனுக்கு அடித்தளம் ஆகக் குறைஞ்சது 100க்கு 50 சென்ரிமீற்றர் வேணும். மாடி வைச்சால் இடம் கூடாது, அது மண் தோண்டி வாழுற சீவன். பிளைவுட்டிலை பெட்டி அடிச்சு, மேலை வலை போடுங்கோ.

உள்ளுக்கை கடதாசித் துகள் 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு, கையாலை அமத்திப் போடவேணும். அமத்தாட்டில் சுரங்கம் இடிஞ்சிடும். மரக்காலையிலை அள்ளுற தூள் வேண்டாம்: என்ன மரமெண்டு தெரியாது, புழுதி மூச்சுக்குள்ளை போகும். பஞ்சும் வேண்டாம், காலிலை சுத்தி இறுகும்.

அது ஏறி ஓடுற சில்லு 28 சென்ரிமீற்றர் விட்டம், ஓடுற தளம் மூடினதாய் இருக்கவேணும். சின்னச் சில்லிலை முதுகு வளையும், கம்பிச் சில்லிலை கால் மாட்டும். அதைத் துகளுக்கு மேலை வைக்காதேங்கோ, கீழை தோண்டத் தோண்டச் சரியும். கால் வைச்ச பலகையிலை நிறுத்துங்கோ.

எங்கடை சித்திரை வெக்கைதான் பெரிய எதிரி. 30 பாகை தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சின்ன மண்சட்டி ஒண்டின்ரை விளிம்பை வாசலுக்கு உடைச்சு, கூரான இடத்தை உரஞ்சி மழுக்கி, கவிட்டு வையுங்கோ. மத்தியானம் அதுக்குள்ளைதான் படுக்கும்.

ஒரு கூட்டுக்கு ஒண்டுதான். ரெண்டு விட்டால் கடிபட்டுச் சாகும்.