முப்பரிமாணத் திரை பார்த்தால் ஏன் தலை வலிக்கிறது?

முப்பரிமாணப் படம் பார்த்துத் தலை வலிக்கிறது என்று யாராவது சொன்னால், "கண்ணைக் காட்டிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம். பல நேரம் கோளாறு கண்ணில் இல்லை, திரையை வடிவமைத்த விதத்தில்.

ஒரு விரலை மூக்குக்கு அருகே மெதுவாகக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டு விழிகளும் உள்பக்கமாகத் திரும்பும். கூடவே கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் தடித்து அந்தத் தூரத்துக்குக் குவியும். சின்ன வயதிலிருந்தே இரண்டும் ஜோடியாக வேலை செய்து பழகியவை. முப்பரிமாணத் திரை அந்த ஜோடியைப் பிரித்துவிடுகிறது. படத்தில் வரும் ஒரு பந்து முகத்துக்கு முன்னால் நிற்பதாகத் தெரியும், விழிகள் அதை நோக்கித் திரும்பும். வெளிச்சம் வருவதோ பின்னால் இருக்கும் திரையிலிருந்து, லென்ஸ் அங்கேதான் குவிந்தாக வேண்டும். இந்த இழுபறியால் கண் அசந்துபோகிறது என்பதை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பார்வை ஆய்வாளர் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2008இல் சோதனை செய்தே காட்டினார்கள்.

திரையரங்கில் திரை தொலைவில் இருப்பதால் ஓரளவு தப்பிக்கலாம். கையில் பிடித்துப் பார்க்கும் திரையில் கொஞ்சம் ஆழம் கூடினாலும் தொல்லை. முப்பரிமாணப் படம் எடுப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முக்கியமான உருவத்தைத் திரையின் தளத்தை ஒட்டியே வைப்பார்கள். முகத்தில் குத்துகிற மாதிரி வரும் காட்சியைச் சில நொடிகளில் முடித்துவிடுவார்கள். அப்புறம், முன்னால் துருத்தி வரும் உருவத்தைத் திரையின் ஓரம் வெட்டக் கூடாது. வெட்டினால் எது முன்னே, எது பின்னே என்று மூளை குழம்பும்.

எனக்குப் பிடித்த தீர்வு 2011இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் என்ற, கையில் பிடித்து விளையாடும் முப்பரிமாண விளையாட்டுக் கருவியில் இருந்தது. ஆழத்தைக் கூட்ட, குறைக்க, வேண்டாமென்றால் முழுசாக அணைக்க ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளுகுமிழ், அவ்வளவுதான்.