4 டிபி டிஸ்க்கில் 3.4 தான் காட்டுகிறதா?

கோயில் கொடையும் கல்யாணமுமாக வீடியோ குவிகிற பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை ஸ்டூடியோக்களில் 4 டிபி டிஸ்க் இப்போது சாதாரணம். லினக்ஸில் எக்ஸ்ட்4 (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் முறை) ஃபார்மட் போட்ட கையோடு, "மிச்சம் எங்க அண்ணாச்சி?" என்ற கேள்வியும் வந்துவிடும். டிஸ்க்கைக் கடைக்குத் திருப்பித் தூக்க வேண்டாம். போனதற்கெல்லாம் கணக்கு உண்டு.

முதலில் அளவு. ஒரே நெல்லை இரண்டு மரக்காலில் அளந்த கதைதான். பெட்டியில் இருக்கும் 4 டிபி என்பது 4 லட்சம் கோடி பைட். சிஸ்டம் 1024 ஆல் நான்கு முறை வகுப்பதால் அது 3.64 ஆகிறது, அதாவது 3,725 ஜிபி. இதில் ஒரு பைட்கூடத் தொலையவில்லை.

அடுத்தது ஐநோட் அட்டவணை. ஐநோட் என்பது ஒவ்வொரு ஃபைலுக்குமான விவரக் குறிப்பு, ஒரு ஃபைலுக்கு ஒன்று. எக்ஸ்ட்4 வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என 256 பைட் ஐநோட்டை ஃபார்மட்டின்போதே ஒதுக்கிவிடும். இந்த டிஸ்க்கில் அதுவே ஏறக்குறைய 58 ஜிபி. வீடியோ ஃபைல் ஒவ்வொன்றும் பல ஜிபி இருக்கும்போது இத்தனை ஐநோட் வீண். ஃபார்மட் செய்யும்போது 'மைனஸ் டி லார்ஜ்ஃபைல்' (பெரிய டி) கொடுத்தால் 1 எம்பிக்கு ஒன்றாகி, 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். பிறகு மாற்ற முடியாது, மறுபடி ஃபார்மட்தான். லட்சக்கணக்கில் சின்னப் போட்டோக்கள் போடும் டிஸ்க்குக்கு இது வேண்டாம். ஐநோட் தீர்ந்தால் இடமிருந்தும் 'இடமில்லை' என்று வரும். 'டிஎஃப் மைனஸ் ஐ' என்ற கட்டளை மிச்ச ஐநோட்டைக் காட்டும்.

பெரிய பங்கு ரிசர்வ். 5 சதவீதம், அதாவது 186 ஜிபி, ரூட் பயனருக்கென்று (சிஸ்டத்தின் முழு அதிகாரம் உள்ள கணக்கு) ஒதுங்கி நிற்கிறது. டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் ஓடவும், ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறாமல் இருக்கவும் வைத்த ஏற்பாடு இது. ஆகவே சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பிரிவு) கை வைக்காதீர்கள். வெறும் சேமிப்பு டிஸ்க்கில் தாராளமாகக் குறைக்கலாம்: 'சூடோ டியூன்2எஃப்எஸ் மைனஸ் எம் 1', பிறகு உங்கள் பார்ட்டிஷன் பெயர். டிஸ்க் மவுன்ட் ஆகி, பயன்பாட்டில் இருக்கும்போதே வேலை செய்யும், டேட்டா போகாது, 149 ஜிபி உடனே திரும்பும். பூஜ்யமும் போடலாம், ஆனால் 1 சதவீதம் விட்டுவைப்பதே நல்லது.

சரியாக 2 டிபியில் நிற்கிறது என்றால் விஷயம் வேறு. டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. 512 பைட் செக்டரில் அதன் எல்லையே அதுதான். ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும், அதற்கு முன் டேட்டாவை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். டிஸ்க்கைச் செருகும் பழைய யூஎஸ்பி டாக்கும் இப்படிக் குறைத்துக் காட்டலாம். அட்டவணையைத் தொடுவதற்கு முன் டிஸ்க்கை நேராக சாட்டா கேபிளில் மாட்டி, 'எல்எஸ்பிஎல்கே மைனஸ் பி' கொடுத்து பைட் கணக்கைப் பாருங்கள்.

அழித்த பிறகும் இடம் வரவில்லையா? டிஸ்க்கின் மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் 'ட்ராஷ்-1000' ஃபோல்டர் மறைந்திருக்கும், அழித்த ஃபைல்கள் அதில் கிடக்கும். எடிட்டிங் மென்பொருள் அழித்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருந்தாலும் இடம் விடுபடாது. மென்பொருளை மூடிவிட்டு மறுபடி பாருங்கள்.