ஊதா அங்கி: ஒரு தவக்கால நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்தும் நற்செய்தி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கல்லோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள், அதுவும் முதியவர்கள் தொடங்கி. யோவான் அந்த விவரத்தைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.

பூசைக்கு வந்திருந்த இளம் சாமி பிரசங்கத்தை நன்றாகத்தான் தொடங்கினார். பாதியில் பேச்சு திரும்பியது. ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்கிறார்களாம், இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த சாக்கடையாம். பாடகர் குழுவில் ஒரு பையன் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துவிட்டது.

2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், ஒரே பாலைச் சேர்ந்த வயதுவந்தவர்கள் மனமொத்துச் சேர்வதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்கீழ் குற்றமாக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஞாயிறு எங்கள் பங்குசாமி இருபது நிமிடம் பொரிந்து தள்ளினார். விவிலியத்தில் நெருப்பில் அழிந்த சோதோமும் கொமோராவும் வந்தன. தம்பிக்கு அப்போது 22 வயது. ஆண்கள் பக்கம், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் அவன் கோயிலுக்கு வரவேயில்லை. அந்த வருடமே பெங்களூருக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 9, புதன்

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். "நான் போனப்புறம் சொல்லும்மா, பேரு மட்டும் வேண்டாம்" என்று அந்தப் பழைய பங்குசாமியே சொல்லியிருந்தார். எழுதுகிறேன்.

2022 டிசம்பர். அந்தப் பங்குசாமி, வயதான குருக்கள் தங்கும் இல்லத்தில் இருந்தார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நான் கொண்டுபோன பழத்தை, அவருக்கு ஆகாது என்று சிஸ்டர் எடுத்து வைத்துவிட்டார். "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க அன்னிக்குப் பேசினதுக்கப்புறம் அவன் கோயில் வாசலையே மிதிக்கல சாமி" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மேசைமேல் இருந்த, குருக்கள் தினமும் செபிக்கும் திருப்புகழ்மாலை புத்தகத்தை எடுக்கச் சொன்னார். உள்ளே நாலாக மடித்த ஒரு செய்தித்தாள் நறுக்கு இருந்தது. 2018 செப்டம்பர் 7 தேதி போட்டது. 377-ன்கீழ் தன்பால் உறவு குற்றமில்லை என்று அதற்கு முந்தின நாள் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மடிப்பில் தாள் கிழியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"நானும் அப்படித்தாம்மா" என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. "அந்த வருஷம் என்னைப் பத்தி ஆயரில்லத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போயிருந்துச்சு. சத்தமாப் பேசினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு பேசினேன். கீழ யார் உக்காந்திருக்காங்கன்னு பாக்கல."

இன்னொன்றும் சொன்னார். குருக்களாகப் பயிற்சி கொடுக்கும் குருமடத்துக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவரும் இருந்தாராம். 2005 நவம்பரில் ரோமிலிருந்து ஓர் ஆவணம் வந்தது. ஆழமாக வேரூன்றிய தன்பால் நாட்டம் உள்ளவர்களைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது, குருப்பட்டமும் கொடுக்கக் கூடாது என்றது அது. 2016-ல் அதையே மறுபடியும் உறுதிப்படுத்தினார்கள். "பையனுங்ககிட்ட நான் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தா நானே தேறியிருக்க மாட்டேன்" என்றார்.

கிளம்பும்போது தம்பியின் போன் நம்பரைக் கேட்டார். கண் சரியாகத் தெரியாததால் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

இரவெல்லாம் இரண்டு பேரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் கர்தினால் கீத் ஓ பிரையன், ஸ்காட்லாந்தில் எடின்பரோ பேராயர். ஒருபால் திருமணத்தை பிரிட்டனில் அவரைப்போல் கடுமையாக எதிர்த்த திருச்சபைத் தலைவர்கள் குறைவு. 2013 பிப்ரவரியில் மூன்று குருக்களும், குருத்துவத்தை விட்டுப்போன ஒருவரும் 1980-களில் அவர் தங்களிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் சொன்ன செய்தி வெளியானது. ஓரிரு நாளில் பதவி போனது. அடுத்த வாரம், தன் பாலியல் நடத்தை ஒரு குருவுக்கும் பேராயருக்கும் கர்தினாலுக்கும் உரிய நிலையிலிருந்து தாழ்ந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். 2015-ல் கர்தினாலுக்குரிய உரிமைகளைத் துறந்தார். 2018-ல் இறந்தார்.

அவர்மேல் எனக்கு இரக்கம் வருகிறது. ஆனால் அந்த இரக்கத்தை, புகார் சொன்ன நான்கு பேரைத் தாண்டிப்போய் அவரிடம் கொடுக்க என்னால் முடியாது. தன்னை ஒளித்துக்கொண்டது ஒன்று, தனக்குக் கீழே இருந்தவர்கள்மேல் கை வைத்தது இன்னொன்று. முதலாவதுக்கு அழுவேன். இரண்டாவதுக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். தன்பால் ஈர்ப்பு என்றாலே பிள்ளைகளைக் கெடுப்பவன் என்று பேசுகிறார்கள். பொய்.

இன்னொருவர் மைக்கல் ஜட்ஜ், பிரான்சிஸ்கன் சபைக் குரு, நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆன்மிக வழிகாட்டி. எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலரும் பயந்த 1980-களில் அவர்களின் படுக்கை அருகே போய் உட்கார்ந்தவர். தன்பால் ஈர்ப்புள்ளவர் என்பது சில நண்பர்களுக்கும் அவருடைய நாட்குறிப்புக்கும் மட்டுமே தெரியும். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் இறந்தார். அன்று இறந்தவர்களில் முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டது அவர் பெயர்தான். அவரைத் தூக்கி வருகிற படத்தில் அந்த ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரோமிலிருந்து 2005-ல் வந்த அந்த விதியின்படி இவருக்குக் குருப்பட்டமே கிடைத்திருக்காது. அப்புறம் அந்த விதி யாரைத்தான் தடுக்கிறது? நன்றாக மறைக்கத் தெரிந்தவனை உள்ளே விட்டு, உண்மை சொல்கிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. பதினாலு, பதினஞ்சு வயசுப் பையனுக்குப் பொய்யைப் பழக்கிவிட்டு, அறுபது வயதில் அவன் வேஷக்காரன் என்று கல்லெடுக்கிறோம்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு நாற்காலி. பத்து வயதில் தம்பி அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தான், முந்தின நாள் ராத்திரியே காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி வைத்துக்கொண்டு. அவன் காலைக் கழுவியது அந்தப் பழைய பங்குசாமிதான்.

வீட்டுக்கு வந்து, புதன்கிழமையும் சனிக்கிழமையும் எழுதியதைத் தம்பிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று உயிர்ப்பு விழா. இன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறந்துவிட்டார். துக்கமணி அடித்தார்கள்.

2013-ல் விமானத்தில், தன்பால் ஈர்ப்புள்ளவர்களைத் தீர்ப்பிட நான் யார் என்று அவர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அது ஒரு குருவைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் என்பதை மறந்துவிட்டோம். அதே பிரான்சிஸ் 2024-ல் ஆயர்கள் கூட்டத்தில், குருமடங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கொச்சையான வசைச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று செய்தி வந்தது, வத்திக்கான் மன்னிப்புக் கேட்டது. எனக்கு அது வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. ஆனாலும் அவருக்காக அழுதேன்.

ஏப்ரல் 26, சனி

மதியம் டிவியில் அடக்கப் பூசை ஓடிக்கொண்டிருக்கும்போது தம்பி கூப்பிட்டான்.

"படிச்சேன்க்கா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு போன் வந்துச்சு. லேண்ட்லைன் நம்பர், நம்ம ஊர்ப் பக்கத்து கோடு. எடுத்தா யாரும் பேசல. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. வச்சுட்டாங்க. திரும்ப அடிச்சேன். ஒரு சிஸ்டர் எடுத்து, குருக்கள் இல்லம்னு சொன்னாங்க. ராங் நம்பர்னு நினைச்சு வச்சுட்டேன்."

"எந்த மாசம்டா?"

"மார்ச் இருக்கும்."

2023 ஏப்ரலில் அவரை அடக்கம் செய்தோம். அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"கல்லறையில பேரு போட்டிருக்காங்களா?" என்று கேட்டான்.

பேரும் குருப்பட்டம் வாங்கின தேதியும் போட்டிருக்கிறது என்றேன்.

"சரிக்கா" என்றான்.